இட்லிப்பூ: கொழுந்து மஞ்சளாகாமல், கொத்துக் குறையாமல் வளர்க்க

இட்லிப்பூச் செடி வைத்திருப்பவர்களின் குறைகளைக் கொட்டிப் பிரித்தால் இரண்டே குவியல்தான் தேறும். ஒன்று, கொழுந்து இலை மஞ்சளாகிக்கொண்டே போகிறது. இன்னொன்று, செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, பூ மட்டும் வரவில்லை. முதல் குறைக்குப் பெரும்பாலும் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள சுண்ணாம்பு காரணம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கத்தரிக்கோல் காரணம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் எளிது. அதனால் இந்த வழிகாட்டியில் மண்ணுக்கும் கவாத்துக்கும், அதாவது கிளை வெட்டுவதற்கும், அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வெட்சி, விருட்சி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. தாவரவியல் பெயர் இக்சோரா காக்சினியா. காபிச் செடியும் நுணாவும் சேர்ந்த ரூபியேசியே குடும்பம். தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம். இன்று வெப்பமண்டலம் எங்கும் வளர்க்கிறார்கள். ஆண்டு முழுவதும் இலை உதிராத புதர் இது. வெட்டாமல் விட்டால் ஆளுயரத்தைத் தாண்டும்.

செடியை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, தண்டை ஒட்டி, முள்போல் கூர்ந்த சின்னச் செதில் ஒன்று இருக்கும். அது முள் அல்ல, குத்தாது. இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். பூ ஒவ்வொன்றும் மூன்று நான்கு செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழல், அதன் முனையில் நான்கு இதழ். அப்படிப் பல பூக்கள் சேர்ந்தது ஒரு கொத்து. கொத்து எப்போதும் கிளையின் நுனியில்தான் வரும், பக்கத்தில் வராது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கவாத்துப் பகுதியில் முழுக்க இதுதான் பயன்படும்.

எந்த ரகம் வாங்கலாம்

தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்கும் குட்டை ரகங்கள் ஏற்றவை. இவற்றின் இலை சிறியது, கணு நெருக்கம், உயரம் இரண்டு மூன்று அடிக்குள் நிற்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என எல்லா நிறத்திலும் கிடைக்கும். உயிர்வேலிக்கு நாட்டுச் சிவப்பு ரகம் நன்றாக இருக்கும். இதன் இதழ் நுனி கூராக இருக்கும். இதழ் நுனி மழுங்கி வட்டமாக இருந்தால் அது பெரும்பாலும் சீன இக்சோரா அல்லது அதன் கலப்பு. சூப்பர் கிங் என்ற பெயரில் வருவது கையளவு அகலக் கொத்தும் நீண்ட இலையும் கொண்டது. அதற்கு இடமும் வேண்டும், காற்று மறைப்பும் வேண்டும். இரவில் மணக்கும் வெள்ளைப் பூ வேண்டுமென்றால் பின்லேசோனியானா என்ற உயரமான இனம் இருக்கிறது.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காதீர்கள். கொழுந்து இலையைப் பாருங்கள். நாட்டு ரகத்தில் புதுத் தளிர் செம்புநிறமாக வருவது இயல்பு, அது நோயல்ல. ஆனால் விரிந்து முடித்த இளம் இலையே வெளிறிய மஞ்சளாக இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். பையின் அடியில் வேர் வெளியே வந்து சுருண்டு தடித்திருந்தாலும் வேண்டாம். அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த, பூவே இல்லாத செடி, ஒற்றைத் தண்டில் ஒரு பெரிய கொத்துடன் நிற்கும் செடியை விட நல்லது.

மண்: எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது

இட்லிப்பூ அமில மண்ணில் வளரும் செடி. மண்ணின் பி.எச். (அமில, கார அளவு. 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 முதல் 6 வரை இருந்தால் மகிழ்ச்சியாக வளரும். 6.5 வரை சமாளிக்கும். 7 தாண்டினால் சிரமப்படும். காரணம் இரும்புச்சத்து. காரமான மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை, மண்ணில் நிறையவே இருக்கும். ஆனால் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும், வேரால் உறிஞ்ச முடியாது. இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. அதனால்தான் மண்ணில் எருவைக் கொட்டிக்கொண்டே இருந்தும் கொழுந்து மஞ்சளாகவே வருகிறது.

நடுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள். முதலாவது, ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் நாலைந்து சொட்டு வினிகர் விடுங்கள். காதருகே வைத்தால் ‘சுர்ர்’ என்ற சத்தம் கேட்டாலோ, நுரைத்தாலோ, அந்த மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. இரண்டாவது, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் ஊற்றி நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான ஊசிக் கருவிகளை நம்ப வேண்டாம். ஈரம் மாறினாலே அவை காட்டும் எண்ணும் மாறும்.

மண் நுரைக்கவில்லை, பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருக்கிறது என்றால் கந்தகத் தூள் உதவும். மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிராம், களிமண்ணுக்கு 80 முதல் 100 கிராம், மேல் ஆறு அங்குல மண்ணில் கலந்து ஈரமாக வைத்திருங்கள். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள். வெப்பமும் ஈரமும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டு இரட்டிப்பாகப் போட்டால் வேர் கருகும். போட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு முறை போடுங்கள்.

மண் நுரைக்கிறது என்றால் கந்தகத்தை வீணாக்க வேண்டாம். மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு, உருவாகும் அமிலத்தை எல்லாம் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டி வேறு மண் நிரப்புவது, அல்லது தொட்டியில் வளர்ப்பது என்ற இரண்டே வழி. வீட்டுச் சுவரை ஒட்டி நடுபவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வரும். சிமென்ட் பூச்சிலிருந்தும் கட்டடம் கட்டியபோது சிந்திய கலவையிலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து மண்ணில் இறங்கும். ஒரே வரிசையில் சுவர் ஓரச் செடிகள் மட்டும் மஞ்சளாக, சற்றுத் தள்ளி இருப்பவை பச்சையாக நிற்பது இதனால்தான். சுவர், நடைபாதை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள்.

தொட்டிக்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கு அல்லது தொழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அலசிய பிறகே சேருங்கள். அதில் உப்பு இருக்கும். ஆற்று மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருந்தால் அதுவும் சுண்ணாம்புதான், வினிகர்ச் சோதனையை மணலுக்கும் செய்துவிடுங்கள்.

இந்தச் செடிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாத பொருட்கள் மூன்று: சாம்பல், முட்டை ஓட்டுத் தூள், எலும்புத் தூள். முதல் இரண்டும் மண்ணைக் காரமாக்கும். எலும்புத் தூளில் சுண்ணாம்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்திருக்கும், மணிச்சத்து கூடினாலும் இரும்பு பூட்டிக்கொள்ளும். பூச்செடி என்றாலே எலும்புத் தூள் என்று பழகிய கைகள் இந்த ஒரு செடியிடமாவது நிதானிக்க வேண்டும்.

நடவு

வெயில்தான் பூ. நாளுக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் கிடைக்கும் இடம் சிறந்தது, நான்குக்குக் குறைந்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் சுடுவெயிலுக்கு மாற்றினால் இலை வெந்து பழுப்பாகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

தரையில் நட ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி போதும். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஒரு வாரம் ஈரமாக ஆறவிட்டு, பிறகு நடுங்கள். புண்ணாக்கு புளித்துச் சூடாகும்போது வேர் பட்டால் கருகும், ஆறவிடச் சொல்வது அதற்காக. குட்டை ரகங்களை வேலியாக வைக்க ஓர் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளி, நடுத்தர ரகத்துக்கு இரண்டு முதல் இரண்டரை அடி, உயர ரகத்துக்கு மூன்றரை நான்கு அடி. நெருக்கி நட்ட வேலி சீக்கிரம் மூடும், ஆனால் அடிப்பகுதி வெறுமையாகும்.

பையைக் கிழித்ததும் வேர்க்கட்டியின் பக்கங்களைப் பாருங்கள். வேர் சுற்றிச்சுற்றி ஓடியிருந்தால் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். மண்ணை உதறக் கூடாது. இதன் வேர் மெல்லியது, முறியும். வேர்க்கட்டியின் மேல்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், தண்டைப் புதைக்காதீர்கள். நட்டவுடன் நிறையத் தண்ணீர் ஊற்றி, காய்ந்த இலை அல்லது மரப்பட்டைத் துண்டுகளால் இரண்டு அங்குல மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

தொட்டி என்றால் குட்டை ரகத்துக்கு 12 அங்குலம், உயர ரகத்துக்கு 16 முதல் 18 அங்குலம். சிறிய செடியை முதல்நாளே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். படிப்படியாக மாற்றுங்கள். சிமென்ட் தொட்டியைத் தவிர்த்து, மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ எடுங்கள்.

தண்ணீர்

ஈரம் இருக்க வேண்டும், சேறு இருக்கக் கூடாது. விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மொட்டுக் கட்டும் சமயத்தில் ஒருமுறை நன்றாக வாடவிட்டால்கூட மொட்டுகள் கருகி உதிரும்.

அளவை விடத் தண்ணீரின் தரம் முக்கியம், பலரும் கவனிக்காத இடம் இது. கடினத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும். தினமும் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் மண்ணுக்குச் சிட்டிகை சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். அமிலக் கலவையில் நட்ட செடி முதல் ஆறு மாதம் அழகாக இருந்து, பிறகு மெல்ல மஞ்சளாவதன் காரணம் இதுதான். கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர் என்றால் இதைச் செய்யுங்கள்: 10 லிட்டர் தண்ணீரில் 2 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, பி.எச். தாளில் சோதியுங்கள். 6-க்கு அருகில் வந்தால் போதும். வரவில்லை என்றால் அரை அரை கிராமாகக் கூட்டுங்கள். எத்தனை கிராம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதே தண்ணீருக்கு அதே அளவைப் பின்பற்றலாம். மழைநீர் சேமிக்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை. நீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை மட்டும் ஊற்றவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும்.

உரம்

மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதோடு மாதம் ஒருமுறை அம்மோனியம் சல்பேட் 3 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஈரமான மண்ணில் ஊற்றலாம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) கிடைக்கும், மண்ணும் அமிலப் பக்கம் சாயும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் சுடும். பூக்கும் பருவத்தில் பொட்டாசியம் சல்பேட் 2 கிராமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிச்சத்து மிகுந்த ‘பூ உரங்கள்’ இந்தச் செடிக்குத் தேவையில்லை. குளிர் மாதங்களில் உரத்தை நிறுத்திவிடலாம்.

காபித் தூள் சக்கை, தேயிலைச் சக்கை பற்றி நிறையச் சொல்கிறார்கள். மட்கவைத்துப் போட்டால் நல்ல எரு, அவ்வளவே. மண்ணின் பி.எச்.சை அதனால் குறிப்பிடும்படி இறக்க முடியாது.

மஞ்சள் இலையைப் படிப்பது எப்படி

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மஞ்சளானது மேல் இலையா, கீழ் இலையா?

மேல் இலை, அதாவது கொழுந்தை ஒட்டிய இளம் இலை என்றால், ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரிய, இடைப்பட்ட பரப்பு மஞ்சளாக இருந்தால் இரும்புக் குறை. முற்றிவிட்டால் நரம்பும் வெளிறி இலை தந்தநிறமாகும், ஓரம் கருகும், கிளை நுனி காயும். இரும்பு செடிக்குள் இடம்பெயராத சத்து. பழைய இலையில் இருப்பது கொழுந்துக்கு ஏறி வராது. அதனால்தான் கீழே கரும்பச்சையும் மேலே மஞ்சளுமாக ஒரே செடி இரண்டு நிறத்தில் நிற்கிறது. மாங்கனீசுக் குறையும் ஏறத்தாழ இதே தோற்றம் தரும். இரண்டுக்கும் மூலகாரணம் பெரும்பாலும் காரமண்தான்.

கீழ் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. கீழ் இலையின் ஓரங்கள் மஞ்சளாகி நடுப்பகுதி மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளியுங்கள். கீழ் இலைகளில் ஊதா கலந்த பழுப்புப் புள்ளிகள் தெளிவான விளிம்போடு தோன்றினால் பூஞ்சாணம் என்று மருந்தடிக்க ஓடாதீர்கள். இட்லிப்பூவில் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை இப்படித்தான் காட்டும். பொட்டாசியம் சல்பேட் அதற்குப் போதும். முற்றிய பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது மட்டும் இயல்பு.

இரும்புக் குறைக்கு உடனடி வைத்தியம் இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் எலுமிச்சை உப்பு 1 கிராம், பிறகு அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் 5 கிராம், கூடவே நாலைந்து சொட்டுத் திரவச் சோப்பு. இந்த வரிசை முக்கியம். அமிலம் முதலில் இல்லாவிட்டால் கடினத் தண்ணீரில் அன்னபேதி துருநிறமாகத் திரிந்துவிடும், திரிந்த கரைசலால் பயனில்லை. வாங்கும்போதே அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறியது பழசு. மாலையில், இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி தெளித்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

சரியாகத் தெளிக்காத இலையில் சில நாள் கழித்து ஒரு காட்சியைப் பார்க்கலாம். துளி விழுந்த இடம் மட்டும் பச்சைப் பொட்டாக, சுற்றி மஞ்சளாகவே இருக்கும். இரும்பு நகராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அடுத்தமுறை சீராகத் தெளியுங்கள், அவ்வளவுதான்.

தெளிப்பால் இருக்கும் இலை தேறும், அடுத்து வரும் இலைக்கு வேர்வழிதான் கைகொடுக்கும். காரமண்ணில் வெறும் அன்னபேதியை வேரில் போட்டால் சில நாளிலேயே பூட்டிக்கொள்ளும். கொடுக்கிணைப்பு இரும்பு என்று விற்கும் கீலேட் வகை (மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி பிணைத்து வைத்த இரும்பு) வேண்டும், அதிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை. அதற்கு மேலும் காரமான மண்ணில் வேலை செய்வது இ.டி.டி.ஹெச்.ஏ. வகை. தண்ணீரில் போட்டதும் இரத்தச் சிவப்பாகக் கரையும். 12 அங்குலத் தொட்டிக்கு 2 கிராம், தரையில் உள்ள மூன்றடிச் செடிக்கு 10 கிராம், தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றி, மேலே சிறிது வெறும் தண்ணீர் விட்டு இறக்கிவிடுங்கள். இதை இலையில் தெளிக்க வேண்டாம், வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மூன்று நான்கு வாரத்தில் வரும் புதுத்தளிர் பச்சையாக வரும்.

மண்ணும் அமிலம், தண்ணீரும் சரி, இருந்தும் கொழுந்து மஞ்சள் என்றால் வேரைச் சந்தேகியுங்கள். தேங்கிய நீரில் மூச்சுமுட்டும் வேரும், குளிரில் சுணங்கிய வேரும், நூற்புழு தாக்கிய வேரும் இரும்பை எடுக்காது.

கவாத்து: பூவை வெட்டாமல் செடியை வெட்டுவது

கொத்து கிளை நுனியில் மட்டும் வரும் என்று முன்பே சொன்னோம். ஆகவே எத்தனை நுனியோ அத்தனை கொத்து. ஒரு நுனியைக் கிள்ளினால், அதற்குக் கீழுள்ள இலை ஜோடியின் இரண்டு கக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கிளை கிளம்பும். ஒன்று இரண்டாகும். அந்த இரண்டும் மூன்று ஜோடி இலை விட்டதும் மறுபடி கிள்ளுங்கள், நான்கு. இன்னொரு முறை, எட்டு. இளம் செடியில் இப்படி மூன்று முறை கிள்ளிவிட்டுப் பிறகு கை வைக்காமல் விட்டால் ஒற்றைக் கொத்து வரவேண்டிய தண்டில் எட்டுக் கொத்து நிற்கும். இதற்கு ஐந்தாறு மாதம் பூவில்லாமல் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பலருக்குக் கடினம். வரும் முதல் மொட்டைக் கிள்ளி எறிய மனசு வராது. கிள்ளிவிடுங்கள்.

வளர்ந்த செடியில் நிலைமை வேறு. மாதாமாதம் வேலிக் கத்தரியால் தலையைச் சீவி வைக்கும் செடி பூக்காது. ஒவ்வொரு சீவலிலும் அடுத்த கொத்துக்கான நுனி போய்விடும். வெட்டிய கிளை துளிர்த்து, முற்றி, மொட்டு வைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் மறுபடி கத்தரி வந்தால் எங்கே பூக்கும்? கொத்து முழுவதும் உதிர்ந்த பிறகு, அந்தக் கொத்துக்குக் கீழே ஒரு ஜோடி அல்லது இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டுங்கள், அது போதும். வெறும் பூக்காம்பை மட்டும் கிள்ளினால் அடுத்த தளிர் மெலிந்து வரும்.

வெட்டப்போகும் நுனியில் மொட்டு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். இலை வரப்போகும் நுனி கூர்மையாக, இரண்டு இலை கைகூப்பியதுபோல் ஒட்டி இருக்கும். மொட்டு வரப்போகும் நுனியில் கடைசி ஜோடி இலை சிறுத்து, காம்பின்றித் தண்டை அணைத்திருக்கும். அவற்றின் நடுவே கடுகு மணிகளைக் கூட்டி வைத்ததுபோல் ஒரு சின்னத் திரட்சி. விரல் நுனியால் தொட்டாலே சொரசொரப்புத் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

வயதாகி அடி மொட்டையான செடியை மீட்கலாம். வெப்பப் பருவத் தொடக்கத்தில், மூத்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மீதி. ஒரே நாளில் மொத்தமாக வெட்டினாலும் பெரும்பாலும் துளிர்க்கும், ஆனால் நலிந்த செடி அதைத் தாங்காமல் போய்விடும். குளிர்காலத்தில் பெரிய கவாத்து வேண்டாம். வேலியாக வளர்ப்பவர்கள் மேலே குறுகலாக, கீழே அகலமாக வெட்டினால் அடி இலைகளுக்கும் வெயில் படும்.

புதுச் செடி எடுக்க

விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல் இருக்கும் என்று உறுதியில்லை, பூக்கவும் ஆண்டுகள் ஆகும். குச்சி வைப்பதே வழக்கம். மொட்டில்லாத, பச்சை மாறிப் பழுப்பு தொடங்கும் பக்குவத்தில் உள்ள கிளை வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும், ஆனால் துவளக் கூடாது. மூன்று கணு உள்ள 10 முதல் 12 செ.மீ. துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, அடியை வேர்த்தூண்டி மாவில் தொட்டு, பருமணலும் நார்க்கழிவும் சம அளவு கலந்த கலவையில் ஒரு கணு புதையும்படி வேறொரு குச்சியால் துளையிட்டு நடுங்கள். நடும் துண்டையே குத்தி இறக்கினால் மாவு வழிந்துவிடும்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில், 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர்விடும். இடையில் இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள், புது வேர் கண்ணாடிபோல் முறியும். புதுத்தளிர் வந்தபின் மெல்லத் தொட்டு அசைத்து, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பையை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். குச்சிகள் கறுத்து அழுகினால் கலவை அதிக ஈரம். இலை உதிர்ந்து காய்ந்தால் பையால் மூடியது போதவில்லை.

சூப்பர் கிங் போன்ற பெரிய இலை ரகங்கள் குச்சியில் சுணங்கும். அவற்றுக்கு விண்பதியம் போடுங்கள். பென்சில் பருமனுள்ள கிளையில், நுனியிலிருந்து ஓர் அடி கீழே, இரண்டு செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். இதைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. மேல் விளிம்பில் வேர்த்தூண்டி தடவி, பிழிந்த நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மாதம் அளவில் தாளுக்கு உள்ளே வெள்ளை வேர்கள் ஓடுவது தெரியும். அவை கிளைத்த பிறகு வெட்டி எடுத்து, இலைகளைப் பாதியாகக் குறைத்து, தொட்டியில் வைத்து மூன்று வாரம் நிழலில் தேற்றுங்கள்.

பூச்சியும் வேர்ப்புழுவும்

எறும்பு சாரிசாரியாக ஏறினால் மேலே ஏதோ இருக்கிறது. மாவுப்பூச்சி பூக்குழல்களின் இடுக்கிலும் இலைக் கக்கத்திலும் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். செதில் பூச்சி இலையின் நடுநரம்பை ஒட்டி அடியில் இருக்கும். அசுவினி தளிரில் மொய்க்கும். இவை கழிக்கும் தேன்போன்ற பசையில்தான் கரும்பூசணம் படர்கிறது. இலையைக் கழுவினால் கருப்பு போய்விடும், பூச்சியைத் தீர்க்காவிட்டால் மறுபடி வரும். கொத்தோடு வெட்டி எறியக்கூடியதை எறியுங்கள். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே உதிர்க்கலாம். மற்றவற்றுக்கு லிட்டருக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லி, திரவச் சோப்பு 1 மில்லி கலந்து, மாலையில், வாரம் ஒருமுறையாக மூன்று முறை இலையடியில் படும்படி தெளியுங்கள். விரிந்த பூவில் பட்டால் இதழ் கறையாகும்.

குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் இலை செம்பழுப்பாகி உதிரும். தொட்டியை உள்ளே எடுத்து வைக்க வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாமல் செடியைக் கொல்வது வேர்முடிச்சு நூற்புழு, மணல் மண்ணில் அதிகம். உரம் போட்டும் தேறாமல், வெயில் ஏறியதும் துவண்டு, மாலையில் நிமிரும் செடியின் பக்கவேர் ஒன்றைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அதுதான். வந்த பிறகு முழுதாக ஒழிக்க முடியாது. செடிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் நிறைய மட்கும் மேல்மண்ணில் கலந்து, மூடாக்கைக் கனமாக்கி, வேர் வறளாமல் பார்த்துக்கொண்டால் சில ஆண்டு ஓட்டலாம். அந்த ரகம் வேண்டும் என்றால் தாமதிக்காமல் மேல் கிளைகளிலிருந்து குச்சி எடுத்து, புதுக் கலவையில், புதுத் தொட்டியில் வைத்துவிடுங்கள். புழு வேரில்தான் இருக்கிறது, நுனிக் கிளைக்கு வராது. பழைய செடி இருந்த குழியில் இன்னொரு இட்லிப்பூவை நட வேண்டாம்.